வாசுகி வீட்டுச் சாவி

பால் பொங்கியது. "பொங்கிட்டு, பொங்கிட்டு!" என்று வாசுகியின் இளையவள் குதித்தாள். வாசுகி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் புருஷன் முருகேசன் போனில் வீடியோ எடுத்தான். கொச்சி மட்டாஞ்சேரிச் சந்துக்குள் இருக்கும் அந்தச் சின்னச் சமையலறையில் நாங்கள் ஒன்பது பேர் இடித்துக்கொண்டு நின்றோம்.

பத்தாவது ஆளாகச் சுவரோரம் நின்றவர் சிசிலி சேச்சி. வளைகுடாவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றவர் அவர்தான். அடுப்பு அவருடையது, சிலிண்டரும் அவருடையது. எங்களுக்காக மீன்சட்டியை மட்டும் பின்பக்கம் கொண்டுபோய் வைத்திருந்தார். அப்படியும் குடம்புளி வாசனை போகவில்லை.

ஆளுக்கு அரை டம்ளர் பால் குடித்தோம். வாசுகி சாமி படத்தைத் துண்டில் சுற்றித் திரும்பவும் பைக்குள் வைத்தாள். பிறகு வீடு வாங்கியவள், அவள் புருஷன், பிள்ளைகள், நாங்கள் என்று எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். வீட்டை விற்றவர் உள்ளே நின்று, "சரி மோளே" என்று கை காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆமாம், எழுதிவிட்டேன். போன வாரம் இந்தப் பத்தியில் என் மாமியாரைப் பற்றி எழுதியதற்கு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். இந்த வாரம் என் வண்டவாளத்தைத்தான் தண்டவாளம் ஏற்றப் போகிறேன். அவருக்கு ஆட்சேபணை இருக்காது.

ஊரார் வீடு

வாசுகி எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து எட்டு வருஷம் கழித்து வந்தவள். வந்த புதிதில் "சாயா" என்றால் டீ, "கப்பை" என்றால் மரவள்ளிக்கிழங்கு என்று அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்று இந்தச் சந்தில் பாதிக் கடைகளில் அவள் அரைத்த தோசை மாவு பாக்கெட்டில் தொங்குகிறது.

நான் ஆதாரம் எழுதும் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். நம் ஊரில் பத்திரம் என்கிறோமே, அதற்கு இங்கே ஆதாரம் என்று பெயர். முதலாளி பாஸ்கரன் சார். அவர் வாயால் சொல்லச் சொல்ல மலையாளத்தில் அடிப்பேன். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே நடைவழி, கிணறு, பைப்பு, நிற்கும் மரம் உட்பட. எத்தனை பேருக்கு இப்படி வீடு வாங்கிக் கொடுத்தேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆனதும் பையை மாட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போவேன்.

வாடகை வீடு என்றால் நான்காவது வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு அடுக்களை. குளியலறை மூன்று குடும்பத்துக்குப் பொது. வீட்டுச் சொந்தக்கார அம்மா மாதம் பிறந்தால் வந்து, கேட்காமலே அடுக்களை வரை நடந்து, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார். இத்தனை வருஷத்தில் எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

சிசிலி சேச்சியின் வீடு எங்கள் ஆபீஸிலிருந்து நாலு எட்டு. பச்சை ஜன்னல், வாசலில் ஒரு சாம்பக்கா மரம். மழை விட்டால் பழம் ரோஸ் நிறத்தில் தரையெல்லாம் கிடக்கும். போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். பீரோவை எந்தச் சுவரில் சாய்ப்பது, மிக்ஸியை எங்கே வைப்பது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதுவரை உள்ளே போனதே கிடையாது. திறந்த கதவு வழியாகத் தெரிந்ததை வைத்து மீதியை நானே கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் சேச்சி ஆபீஸுக்கு வந்து, "வீட்டைக் கொடுக்கலாம்னு இருக்கேன். ஒத்தையா இருக்க முடியல. காக்கநாட்டில மகன் பேரில் பிளாட் வருது" என்று சாரிடம் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். மாவு வாங்கப் போன இடத்தில் வாசுகியிடம் சொன்னேன். "ஒரு வீடு வருது, என்ன அழகான வீடு தெரியுமா, நமக்கெல்லாம் எங்க?" என்றேன்.

அந்த "நமக்கெல்லாம்" என்பதில் அவளையும் சேர்த்துதான் சொன்னேன். அவள் சேரவில்லை. மறுவாரம் முருகேசனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி, நகையை விற்று, பாங்கில் லோனுக்கு எழுதிக்கொடுத்து, முன்பணமும் கொடுத்துவிட்டாள்.

பலாப்பழம் தின்ற மனுஷர்

வீடு எப்போது வாங்கியவருக்குச் சொந்தமாகிறது என்று என்னைக் கேட்டால், நான் கோர்ட்டு வக்கீல் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். ரிஜிஸ்தர் ஆனதும் காகிதத்தில் சொந்தம். வில்லேஜ் ஆபீஸில் பெயர் மாறி, கரம், அதாவது வரி, கட்டிய ரசீது வந்தால் அரசாங்கத்துக்கும் சொந்தம். ஆனால் உள்ளே போய் முந்தானையை விரித்துப் படுக்க வேண்டுமானால் சாவி வேண்டும்.

இதில்தான் ஒரு சங்கடம். எல்லா ஆதாரத்திலும் கடைசிக்கு முன்னால் ஒரு வரி வரும். "மேற்படி வீட்டின் கைவசத்தை இன்றைய தினமே தங்களுக்கு விட்டுத்தந்திருக்கிறேன்" என்று அர்த்தம். விற்றவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியை மடியில் முடிந்துகொண்டு, அதே வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கித் தின்பார். மனுஷருக்கு மனுஷர் நம்பிக்கை.

முன்பு ஒருவர் இப்படித்தான், "கொல்லையில் பலா காய்த்திருக்கிறது, பழுத்ததும் போகிறேன்" என்றார். வாங்கினவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். பழம் பழுத்தது. தின்றார். அடுத்த வருஷம் மறுபடி காய்த்தது. அதையும் தின்றார். அப்போதும் போகவில்லை.

அதற்குப் பிறகு பாஸ்கரன் சார் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். பிரிண்ட் போடும் முன் விற்பவரை நேராகப் பார்த்து, "தாக்கோல் எந்நா?" என்பார். சாவி என்றைக்கு என்று அர்த்தம். "இன்று" என்றால் சரி. வேறு எது சொன்னாலும் தனியாக ஒரு தாள் எழுதுவார். இந்தத் தேதிக்குள் காலி செய்கிறேன் என்று விற்றவர் கையெழுத்து, சம்மதம் என்று வாங்கியவர் கையெழுத்து. அவர் இல்லாத நாளில் நான் கேட்க வேண்டும். அது என் வேலை.

கேட்காத கேள்வி

வாசுகியின் ஆதாரம் ரிஜிஸ்தர் ஆன அன்று சாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். டிராஃப்ட் முன்பே அவர் பார்த்துக் கொடுத்ததுதான். நான் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக்கு ஆட்டோவில் அவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஆபீஸ் வாசலில் பெஞ்சில் வாசுகியும் சேச்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாசுகி மாம்பழ நிறத்தில் புதுப் புடவை கட்டியிருந்தாள். பிரிண்டர் பக்கத்தில் நின்ற எனக்கு அவர்கள் பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"ஒரு மூணு வாரம் மோளே. பிளாட் சாவி கிடைச்சதும் நான் இறங்கிடுவேன்" என்றார் சேச்சி.

"அதுக்கென்ன சேச்சி, மெதுவா மாறுங்க. ஆனா பால் மட்டும் நாங்க இந்த மாசமே காய்ச்சிக்கிடுதோம். வைகாசி போனா ஆனியும் ஆகாது, ஆடியும் ஆகாது."

"அதுக்கு என்ன, காய்ச்சிக்கோ."

நான் வாசலுக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். இரண்டு எட்டு வைத்தால் போதும். ஒரு தாள், பத்து வரி. அடித்துக்கூட வைத்திருக்கிறேன், தேதியும் பெயரும் மாற்றினால் போதும்.

போன் அடித்தது. சார்தான். "மல்லிகே, தாக்கோலின்ற காரியம் சோதிச்சோ?" என்றார். சாவி விஷயம் கேட்டாயா என்கிறார்.

"சோதிச்சு சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு அன்றைக்கு எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொந்தக்காரியிடம் இதெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பாள், சேச்சி நல்ல மனுஷி, மழை வேறு. எல்லாம் புளுகு. எனக்குப் பொறாமை. பத்திக்கொண்டு வந்தது. அந்த மாம்பழப் புடவை, அந்தப் பச்சை ஜன்னல், எல்லாமாகச் சேர்ந்து கண்ணை உறுத்தியது. அவளுக்கு இவ்வளவு லேசாகக் கிடைக்கக் கூடாது, கொஞ்சமாவது இழுபறி ஆகட்டும் என்று நினைத்தேன். கொஞ்சமாவது என்றுதான் நினைத்தேன்.

கையெழுத்து முடிந்ததும் வாசுகி முதல் லட்டை என் வாயில் ஊட்டினாள். "அக்கா, ஒங்க கை பட்ட வீடு. ராசியா இருக்கும்" என்றாள். முழுங்க முடியாமல் முழுங்கினேன்.

கிரைண்டர் வந்த கதை

மூன்று வாரம் ஆனது. காக்கநாட்டில் லிஃப்ட் ஓடவில்லை, அதனால் சாவி தரவில்லை என்றார் சேச்சி. இன்னொரு மாதம் ஆனது. லிஃப்ட் ஓடியது, ஏதோ சர்டிபிகேட் வரவில்லை. அதற்குள் வாசுகி இருந்த வாடகை வீட்டுக்கு வேறு ஆட்கள் அட்வான்ஸ் கொடுத்துச் சாமானோடு வந்து நின்றார்கள். அவள் எங்கே போவாள்?

என் வீட்டுக்கு வந்தாள்.

நாலு பேர், இரண்டு கட்டில், ஒரு பிரிட்ஜ், கடைசியாக மாவு அரைக்கும் பெரிய கிரைண்டர். அதை ஹாலில் வைத்தபோது கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. நான் ஒருக்களித்து ஒருக்களித்து வெளியே போய் வந்தேன். விடிந்ததும் விடியாததுமாக அது கடகடவென்று ஓட ஆரம்பிக்கும். தலைமாட்டில் மாவு பொங்கும். என் ஆபீஸ் புடவையில்கூடப் புளித்த மாவு வாசனை. பொதுக் குளியலறைக்குக் காலையில் வரிசை நீண்டது, பக்கத்து வீட்டுக்காரிகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானாகத் தேடிக்கொண்டது, யாரிடம் சொல்லி அழ?

இதில் பெரிய கொடுமை வாசுகி என்னிடம் காட்டிய நன்றி. "அக்கா மட்டும் இல்லன்னா நாங்க தெருவிலதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் ஆபீஸிலிருந்து வந்தால் காபி கலந்து கையில் கொடுப்பாள். கரம் கட்டிய ரசீதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். சாயங்காலம் கடைகளுக்கு மாவு போட்டுவிட்டு வரும்போது அந்தச் சந்து வழியாகத்தான் வருவாள். வந்ததும் செய்தி சொல்வாள்.

"அக்கா, நம்ம வீட்டுல இன்னைக்கு ஜன்னல் கம்பில ஈரத் துணி போட்டுருந்தாவ. துரு பிடிச்சிராதா?"

"அக்கா, நம்ம மரத்துல பழம். யாரோ பையில அள்ளிட்டுப் போறான், நான் என்னன்னு கேக்க?"

முதலில் எனக்கு இதெல்லாம் இனித்தது. மறைக்க மாட்டேன். அவள் முகம் சுண்டும்போது எனக்கு ராத்திரிச் சோறு நன்றாக இறங்கியது. ஆனால் ஓணம் வந்தது. அத்தனை வீட்டு வாசலிலும் பூக்கோலம். வாசுகியின் மூத்தவள் ஒரு பிளாஸ்டிக் கவரில் பூ வாங்கிக்கொண்டு போய், சிசிலி சேச்சி வீட்டு வாசலில், அதாவது தன் வீட்டு வாசலில், சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு வந்தாள். வந்து என்னிடம், "பெரியம்மா, உள்ள கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன். கதவு திறக்கவே இல்ல" என்றாள்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முருகேசன் குதித்தான்

ஓணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை முருகேசன் பொறுமை இழந்தான். "நாளைக்கு நாலு பேரைக் கூட்டிட்டுப் போயிச் சாமானைத் தெருவுல வைக்கேன். எவன் கேக்கான்னு பாப்போம்" என்று குதித்தான். என் வீட்டுக்காரர், "ஏலே, பொம்பள ஒத்தையா இருக்கு, கேஸாயிரும்லே" என்று அடக்கினார்.

"மதினி, அந்த ஆதாரத்தை எடுத்து வாசிங்க. அதில என்னதான் எழுதியிருக்கு?" என்றான் முருகேசன்.

எங்கள் வீட்டில் மலையாளம் சரளமாக வாசிப்பவர்கள் நானும் பிள்ளைகளும்தான். நான் அடித்ததை நானே வாசித்தேன். அந்த வரி வந்ததும் குரல் இறங்கிவிட்டது. "கைவசத்தை இன்றைய தினமே விட்டுத்தந்திருக்கிறேன்."

"தந்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்களே! அப்ப அவங்க எந்தக் கணக்குல உள்ள இருக்காங்க? இருக்கலாம்னு ஏதாவது தாள் இருக்கா?"

"இல்ல தம்பி" என்றேன்.

"ஏன் மதினி இல்ல? ஒங்க ஆபீஸ்ல எழுதுவாவள்லா?"

வாசுகி குறுக்கே விழுந்தாள். "அக்காவை ஏன் கேக்கீய? சேச்சி கேட்டதுக்கு நாந்தான சரின்னேன். அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள்.

அவள் என்னைத் தாங்கிப் பேசியபோது செருப்பால் அடித்திருந்தாலும் தேவலை என்று இருந்தது.

மறுநாள் ஆபீஸுக்குப் போகும் வழியில் சிசிலி சேச்சி வீட்டுப் படி ஏறினேன். அவர் கதவைத் திறந்து, "வா மல்லிகே" என்று உள்ளே கூப்பிட்டார். ஹால் முழுக்க அட்டைப்பெட்டி. பாத்திரம், புத்தகம், மகன் ஸ்கூலில் வாங்கிய கப்பு எல்லாம் கட்டி வைத்து டேப் ஒட்டியிருந்தது. இரண்டு தட்டு, ஒரு மீன்சட்டி, ஒரு குடை மட்டும்தான் வெளியே இருந்தது. வைகாசியிலிருந்தே இப்படித்தான் இருக்கிறார். காக்கநாட்டிலும் பணம் கட்டியாயிற்று, அங்கேயும் சாவி இல்லை.

"சேச்சி, என்றைக்கு இறங்குவீங்க? தேதி சொல்லுங்க, எழுதணும்" என்றேன்.

"இதை அன்னைக்கே நீ கேட்பேன்னு பார்த்தேன். பாஸ்கரன் எல்லாரிடமும் கேட்பார்னு எனக்குத் தெரியும். கேட்டிருந்தா வைப்பின் தீவில தங்கச்சி வீட்டுக்கு அப்பவே போயிருப்பேன். யாரும் கேட்கல. சரி, இவங்களுக்கு அவசரம் இல்லைன்னு நினைச்சேன்" என்றார். "பால் காய்ச்சின அன்னைக்கும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போனீங்களே."

அவர் பத்து நாள் கேட்டார், நான் அந்தத் தாளை அன்றைக்கே அடித்தேன். சாரிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்தாம் நாள் சேச்சி ஒரு சின்ன லாரியில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, தான் படகில் வைப்பினுக்குப் போனார். போகும்முன் சாவியை வாசுகியின் கையில் வைத்து மூடினார். இரண்டு பேருமே அழுதார்கள்.

கழுவிவிட்ட வீடு

அன்று மத்தியானம் நானும் வாசுகியும் மட்டும் வீட்டைக் கழுவினோம். முருகேசன் கிரைண்டரை ஏற்ற வண்டி பார்க்கப் போயிருந்தான். பெட்டியும் சாமானும் போனபின் பார்த்தால், நான் நினைத்து வைத்திருந்தது போல ஒன்றும் இல்லை. பீரோ வைக்க நான் பார்த்திருந்த சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. குளியலறையில் நீல டைல். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிதானமாகக் குளிக்கலாம். எனக்கு மறுபடியும் பத்திக்கொண்டு வந்தது. இத்தனைக்குப் பிறகும் வந்தது.

வாசுகி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள். நடுநடுவே காரணமில்லாமல் சிரித்தாள். "அக்கா, இந்தத் தண்ணி சத்தம்கூட நல்லா இருக்கு பாருங்க" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றும் இல்லை.

"வாசுகி, ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

சொன்னேன். பிரிண்டர் பக்கத்தில் நின்றது, அவர்கள் பேசியதைக் கேட்டது, சார் போனில் கேட்டது, நான் பொய் சொன்னது, ஏன் சொன்னேன் என்பது, எல்லாம். பொறாமை என்றே சொன்னேன். சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. அழுதால் கட்டிக்கொள்ளலாம், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக நின்றேன்.

துடைப்பம் நின்றது. தண்ணீர் தானாக ஓடி வாசல்படிக்குப் போனது. வாசுகியின் முகத்திலிருந்து சிரிப்பு போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மூணு மாசம் ஒங்க வீட்டுல இருந்தேன்" என்றாள். "என்னைக்கு வேணா சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே கூட விட்டிருக்கலாம். இன்னைக்குப் பார்த்துச் சொல்லுதீயளே அக்கா. நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன்லா, அது பொறுக்கலயா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவள் சொன்னது சரி.